சதுரத்துக்கு ஏது நீளமும் அகலமும்?

(கேரளத்தின் எல்லைப் பகுதித் தமிழ் வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து நேற்றே மலையிறங்கி, இரவு எங்கோ தங்கி வந்தவர்களும் இருக்கிறீர்கள். பாலக்காட்டு வெயிலில் வேலை பார்ப்பவரும் இடுக்கிப் பனியில் வேலை பார்ப்பவரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது அபூர்வம். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தப்படுவதை மேற்பார்த்து, ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, திட்டத்தை வகுப்பறை வரைக்கும் கொண்டு சேர்க்கும் ஆள் ஒருவர் இருக்கிறாரே, அவருடைய வேலை என்ன? இதைத்தான் இன்று பேசப் போகிறேன். பல வருஷம் அந்த வேலையைப் பார்த்தவன் நான். முதலில் சித்தூர் பக்கம், பிறகு தேவிகுளம் பக்கம்.

இந்த வேலைக்குத் தமிழில் ஒரே பெயர் கிடையாது. வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால், வட்டார வள மையத்தில் இருப்பவரை ஆசிரியர் பயிற்றுநர் என்பார்கள். இலங்கைத் தமிழர் ஆசிரிய ஆலோசகர் என்பார்கள். நம் பக்கத்தில் பி.ஆர்.சி. (வட்டார வள மையம்) டிரெய்னர், சி.ஆர்.சி. (குறுவள மையம்) கோஆர்டினேட்டர். பெயரிலேயே வேலையைப் பற்றிய எண்ணம் தெரிகிறது. பயிற்றுநர் கற்றுக்கொடுப்பவர். ஆலோசகர் கேட்டால் வழி சொல்பவர். கோஆர்டினேட்டர் ஆளையும் தேதியையும் இடத்தையும் ஒன்றுசேர்ப்பவர். மூன்றும் தேவையான வேலைதான். ஆனால், சொன்ன பாடம் பிள்ளையின் மனசில் என்னவாகப் போய் உட்கார்ந்தது என்று பார்த்து அதற்குப் பொறுப்பேற்கிற வேலை இந்த மூன்று பெயரிலும் வரவில்லை. என் கணக்கில் அதுதான் முதல் வேலை. எல்லையோரத்தில் அது இன்னும் பெரிய வேலை. ஏன் என்று ஒரு வகுப்பறையைக் காட்டிச் சொல்கிறேன்.

மழைக்காலம். ஒரு எல்.பி. பள்ளி, நாலாம் வகுப்பு. பரப்பளவு, சுற்றளவு பற்றிய பாடம். அந்த வாரம் நடந்த பயிற்சியில் கொடுத்த வேலைத்தாளை டீச்சர் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். வேலைத்தாள் முதலில் மலையாளத்தில் வந்தது. தமிழ் வழிப் பள்ளிகளுக்காக அதைப் பயிற்சிக்கு முன்பு ஓர் இரவு உட்கார்ந்து தமிழாக்கியவன் நான்தான். எப்படிப் போகிறது என்று பார்க்க, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் கணக்கு: "ஒரு சதுரத்தின் நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ. அதன் சுற்றளவு என்ன?"

பாதிப் பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுமி எழுதவில்லை. ஸ்கேலை வைத்து ஒரு கட்டம் போட்டாள், அழித்தாள், மறுபடியும் போட்டாள். ரப்பரால் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது. கடைசியில் எழுந்து கேட்டாள்: "டீச்சர், சதுரம்னா நாலு பக்கமும் ஒண்ணுதானே? இதுல எப்படி எட்டும் அஞ்சும் வரும்?"

மலையாளத்தில் 'சதுரம்' என்றால் நம்முடைய செவ்வகம். நம்முடைய சதுரத்துக்கு அவர்கள் 'சமசதுரம்' என்பார்கள். இது எனக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு, நாளை காலை அச்சுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில், கண்ணுக்குப் பழகிய சொல் கை வழியாக அப்படியே இறங்கிவிட்டது. எழுதத் தொடங்கிய பாதிப் பிள்ளைகள் 26 என்று சரியான விடையே போட்டார்கள். எட்டையும் ஐந்தையும் கூட்டி இரண்டால் பெருக்கத் தெரிந்திருந்தது. கணக்கின் பொருளை யோசித்த பிள்ளைதான் அங்கே தடுமாறியது. நான் விடைத்தாளை மட்டும் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? "பெரும்பாலோர் சரி. ஒரு மாணவி மெதுவாகக் கற்பவர்" என்று எழுதியிருப்பேன். அந்த வகுப்பிலேயே நன்றாகக் கற்றவளை மெதுவாகக் கற்பவள் என்று அறிக்கையில் ஏற்றியிருப்பேன்.

அன்றைக்குப் புரிந்துகொண்டதைத்தான் இத்தனை வருஷமும் கையில் வைத்திருக்கிறேன். பயிற்சி அரங்கில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை தாள் அச்சடித்தோம், எத்தனை பள்ளிக்குப் போனோம் என்ற கணக்கெல்லாம் நம்மைப் பற்றிய கணக்கு. பிள்ளையைப் பற்றிய கணக்கு அந்த மெலிந்த தாளில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் வகுப்பறைக்குள் போய் உட்கார வேண்டும்.

நம் நிலத்தின் கதையையும் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். நாம் எல்லோரும் ஒரே அரசின் கீழ் இருந்தவர்கள் இல்லை. பாலக்காடு மலபார் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது மூன்றும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. தேவிகுளம், பீர்மேடு எந்த மாநிலத்துக்கு என்று நடந்த போராட்டம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கோடு எங்கே விழுந்தாலும் கோட்டின் இந்தப் பக்கம் ஒரு மொழிச் சிறுபான்மை இருக்கத்தான் செய்யும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் அதே 1956இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்து தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதற்கும் முன்னால், 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு கணக்கு வகுத்தார்கள்: பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருந்தால், அவர்களுடைய தாய்மொழியில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் தர வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கட்டும் என்கிறது.

சட்டம் பள்ளிக்கூடத்தைத் தந்தது, ஆசிரியரைத் தந்தது, புத்தகத்தைத் தந்தது. கேரளத்தின் பாடநூல்கள் தமிழிலும் வருகின்றன. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் வருகிறது. இதெல்லாம் சின்ன விஷயமில்லை, இதற்காக உழைத்தவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஆசிரியருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்று எந்தச் சட்டமும் தனியாகச் சொல்லவில்லை. அந்த நடு இடத்தில்தான் சதுரம் செவ்வகமானது.

அந்த நடு ஆள் எப்படி வந்தார்? 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டத்துக்கு ஒரு டயட், அதாவது மாவட்டக் கல்வி, பயிற்சி நிறுவனம், வந்தது. பாலக்காட்டுக்கு ஆனக்கரையில். இடுக்கிக்குத் தொடுபுழாவில். வரைபடத்தை மனசில் விரித்துப் பாருங்கள். இரண்டும் அந்தந்த மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கின்றன. தமிழ் வழிப் பள்ளிகள் இரண்டு மாவட்டத்திலும் கிழக்குப் பக்கம், எல்லையை ஒட்டி இருக்கின்றன. பிறகு டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் காசர்கோடு, வயநாடு, மலப்புரம். இரண்டாம் கட்டத்தில் திருவனந்தபுரத்தோடு நம் பாலக்காடும் இடுக்கியும். அதில்தான் பி.ஆர்.சி.யும் சி.ஆர்.சி.யும் பள்ளிக்கு எட்டும் தூரத்துக்கு வந்தன. எஸ்.எஸ்.ஏ., இப்போது சமக்ர சிக்ஷா என்று திட்டத்தின் பெயர் மாறினாலும் அந்த அமைப்பு நின்றது. மேலிருந்து கீழே சொல்கிற இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒருவர் வேண்டும் என்பதே அந்த அமைப்பின் மூல எண்ணம்.

அந்த எண்ணம் இன்று எப்படி இருக்கிறது? ஒரு டிரெய்னரின் நாளைப் பாருங்கள். காலையில் போர்ட்டலில் ஏற்ற வேண்டிய விவரம். பிறகு பயிற்சிக்கு வந்தவர்களின் பட்டியல், சாப்பாட்டு பில், செலவுச் சான்று. மதியம் கூட்டம். சாயங்காலம், மேலே இருந்து கேட்ட அறிக்கைக்கு ஹெச்.எம்.களுக்கு வரிசையாகப் போன். வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்குப் போனாலும், போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடுகிறது. மலையில் மழை பெய்தால் ஜீப் கிடைக்காது. போன இடத்தில் ரெஜிஸ்டரில் கையெழுத்து, ஹெச்.எம். அறையில் ஒரு டீ, புகைப்படம், திரும்பல். இதற்கு அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் மனிதர் செய்வார். நம்மிடம் யாரும் பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்பதில்லை, பயிற்சி முடிந்ததா என்றுதான் கேட்கிறார்கள்.

பயிற்சியைப் பற்றியும் மனம் விட்டுப் பேச வேண்டும். ஒரு விடுமுறைப் பயிற்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கே என்று சொல்லத் தேவையில்லை. அரங்கில் ஐம்பது ஆசிரியர், அதில் தமிழ் வழி ஆசிரியர் ஏழு பேர். பேசியது மலையாளத்தில், மாட்யூல் மலையாளத்தில், செயல்பாட்டுப் பாட்டு மலையாளத்தில். நம் ஏழு பேருக்கும் மலையாளம் நன்றாகப் புரியும், பேசவும் தெரியும். ஆனால் மற்றவர்கள் அந்தப் பாட்டை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆடிப் பாடிக் கற்றுக்கொண்டிருந்த ஒரு மணி நேரம் முழுக்க, இவர்கள் அந்தப் பாட்டுக்குத் தமிழில் என்ன செய்வது என்று பின்வரிசையில் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மற்றவருக்கு அது கற்பித்தல் பயிற்சி, இவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை. வருகைப் பதிவில் ஐம்பது பேரும் சமம்.

அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980இலிருந்தே இதைப் பற்றி எழுதிவந்தார்கள். கொள்கையைச் சொல்வதும், செய்து காட்டுவதும், அரங்கிலேயே பழகச் செய்வதும் எல்லாம் நல்லதுதான். ஆனாலும் ஆசிரியரின் சொந்த வகுப்பறையில் உடனிருந்து கைகொடுக்கும் ஆள் இல்லாவிட்டால், கற்றதில் மிகக் கொஞ்சமே பள்ளிக்குள் போகிறது என்பது அவர்கள் கண்டது. ஜப்பானில் இதே விஷயத்தை ஆசிரியர்களே ஒரு வழக்கமாக்கி வைத்திருக்கிறார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைப் பார்ப்பார்கள். பிறகு கூடிப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் நடத்தியவர் எப்படி நடத்தினார் என்பதைவிட, எந்தப் பிள்ளை எங்கே நின்றது, எதற்காக நின்றது என்பதே பெரிசாக இருக்கும். நம்மிடம் பள்ளிக்குள் ஆசிரியர்கள் கூடும் எஸ்.ஆர்.ஜி. கூட்டம் இருக்கிறது, பல பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் இருக்கிறது, நடத்திப் பார்க்கும் ட்ரை அவுட் வகுப்பு இருக்கிறது. வேண்டிய பாத்திரமெல்லாம் அடுப்படியில் இருக்கிறது, சமைக்கத்தான் வேண்டும்.

அந்தச் சதுரத்துக்குப் பிறகு நான் ஒரு நோட்டு போட்டேன். இரண்டு பத்தி. இடப்பக்கம் மலையாளச் சொல், வலப்பக்கம் நம் பிள்ளைக்கு அது என்ன பொருள் தரும் என்று. 'அவசரம்' அங்கே வாய்ப்பு, இங்கே விரைவு. 'குட்டிகளுக்கு அவசரம் கொடுக்கணும்' என்று ஒரு கைப்புத்தகம் சொன்னால், பிள்ளைக்கு நேரமும் வாய்ப்பும் கொடு என்று பொருள். அதைத் தமிழ்க் காதால் கேட்டால் நேர் எதிராகப் போய்விடும். 'வெள்ளம்' அங்கே குடிக்கிற தண்ணீர், இங்கே ஊரை அடித்துக்கொண்டு போவது. 'ஹரணம்' நமக்கு வகுத்தல், 'குணனம்' நமக்குப் பெருக்கல். இன்னொரு பக்கம், சுற்றளவும் பரப்பளவும் இரண்டு மொழிக்கும் பொது. இப்படி நட்பான சொல்லையும் ஏமாற்றுகிற சொல்லையும் பிரித்து எழுதினேன். கிளஸ்டர் கூட்டத்தில் அந்த நோட்டை நடுவில் வைத்தால், ஆசிரியர்கள் ஆளுக்கு நாலு சொல் சேர்ப்பார்கள். மறையூர்ப் பக்கத்து ஆசிரியர் சேர்த்த சொல் பாலக்காட்டு எருத்தேம்பதி ஆசிரியருக்குப் புதிதாக இருக்கும். நான் கொடுத்த எந்தப் பயிற்சியையும்விட அந்த நோட்டுக்கு ஆயுள் அதிகம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மலையாளத்துக்கு எதிரான பேச்சு இல்லை. நம் பிள்ளைகள் இந்த மாநிலத்தில் வாழப் போகிறவர்கள். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதப் போகிறவர்கள், தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகப் போகிறவர்கள். மலையாளம் அவர்களுக்கு நன்றாக வர வேண்டும். அதனால்தான் மலையாளத்தை ஒரு மொழியாக, எழுத்திலிருந்து, முறையாகச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். கணக்கு வகுப்பில் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகக் கலந்து ஊட்டினால் கணக்கும் வராது, மலையாளமும் வராது. முதல் மொழியில் கருத்து ஊன்றி நின்ற பிள்ளை இரண்டாம் மொழியைச் சீக்கிரம் எட்டிப் பிடிக்கும். தமிழ் வழி வேண்டாம், ஆங்கில வழியே போதும் என்று பெற்றோர் பிள்ளையை மாற்றுகிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். தேயிலை கிள்ளப் போகிற தாயிடமும் ஏலக்காட்டுக்கு ஜீப் ஏறுகிற தகப்பனிடமும் உரிமையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உங்கள் பிள்ளை மூன்றாம் வகுப்பு முடிக்கும்போது தடங்கலில்லாமல் வாசிக்கும், நாலாம் வகுப்பில் யோசித்துக் கணக்குப் போடும் என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுகிற பொறுப்பு ஆசிரியரோடு நமக்கும் உண்டு.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் கல்விச் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியது நினைவிருக்கிறதா? தமிழ் வழிப் பிள்ளைகளுக்கான வகுப்புகளை நம் ஆசிரியர்களே தயாரித்து யூடியூபில் ஏற்றினார்கள். கைப்பேசி கேமரா முன்னால் நின்று, வீட்டுச் சுவரையே கரும்பலகையாக்கிப் பாடம் எடுத்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அந்த உழைப்பு வீணாகவில்லை. ஆனால் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், சிக்னல் இல்லை. பிள்ளைகள் மேடேறிப் போய், பாறைமேல் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்போது தெரிந்தது, பாடம் தயாரிப்பது பாதி வேலைதான் என்று. அது போய்ச் சேர்ந்ததா என்று லயம் லயமாகப் போய்ப் பார்த்த ஆசிரியர்தான் மீதிப் பாதியைச் செய்தார்.

இடுக்கிக் காட்டுக்குள் இன்னும் போனால் இடமலைக்குடி. 2010இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அங்கே வாழும் முதுவர்கள் பேசுவது தமிழுக்கு நெருங்கிய மொழி. பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வந்தால் எதிரே மலையாளம். அந்தக் காட்டுக் குடியில் பி.வி. சின்னத்தம்பி என்ற பெரியவர் தன் டீக்கடையில் ஒரு நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பற்றி எழுதிய பிறகு வெளியுலகம் அறிந்தது. சின்னத்தம்பி எந்தத் திட்டத்தின் டிரெய்னரும் இல்லை. ஆனால் புத்தகத்தைக் கொடுத்ததோடு விடாமல், யார் எதை எடுத்துப் போனார் என்று பதிவேட்டில் எழுதி வைத்தார். கொடுப்பதோடு முடியாமல் யாரிடம் போனது என்று பின்தொடர்கிற மனசு அது. வயநாட்டில் 2017இல் 'கோத்ரபந்து' திட்டத்தில் பழங்குடிச் சமூகத்திலிருந்தே படித்த இளைஞர்களை வழிகாட்டி ஆசிரியராகப் பள்ளியில் நியமித்ததும் இதே காரணத்துக்காகத்தான். பிள்ளை பேசுகிற சொல்லும் ஆசிரியர் பேசுகிற சொல்லும் சந்திக்கிற இடத்தில் ஓர் ஆள் நின்றாக வேண்டும்.

இனி, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளையவர்களுக்கு. பள்ளிக்குப் போனால் முழு நாள் இருங்கள். அரை மணி நேரம் வீதம் மூன்று பள்ளி பார்ப்பதைவிட மாதத்தில் ஒரே பள்ளியை இரண்டு தடவை பார்ப்பது மேல். வகுப்புக்குள் போகுமுன் டீச்சரிடம் அனுமதி கேளுங்கள், அது அவருடைய இடம். கடைசி பெஞ்சில் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் நோட்டைத் திறக்காதீர்கள், திறந்தால் டீச்சர் பயந்துவிடுவார், பிள்ளைகள் உங்களையே பார்ப்பார்கள். மூன்று பிள்ளைகளைத் தேர்ந்துகொண்டு அவர்களை மட்டும் பாருங்கள். எப்போது எழுதுகிறார்கள், எப்போது அழிக்கிறார்கள், எப்போது பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள் என்று. வகுப்பு முடிந்ததும் கருத்துச் சொல்ல ஓடாதீர்கள். "டீச்சர், உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று முதலில் கேளுங்கள். முக்கால்வாசி நேரம் பிழை அவருக்கே தெரிந்திருக்கும். ஒரே ஒரு விஷயத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். முடிந்தால் அடுத்த பீரியடை நீங்களே எடுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டு வாரத்தில் திரும்பிப் போங்கள். திரும்பிப் போகாத பயிற்றுநர் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை.

பொறுப்பில் உள்ளவர்களிடமும் மூன்று வேண்டுகோள். தமிழ் வழிப் பள்ளிகளுக்கான பயிற்சியைத் தமிழிலேயே திட்டமிடுங்கள், முடிந்த மாட்யூலைக் கொடுத்து ஒரே இரவில் தமிழாக்கச் சொல்லாதீர்கள். 2024இலும் 2025இலுமாக ஒன்று முதல் பத்து வரை எல்லா வகுப்புக்கும் புதிய பாடநூல் வந்திருக்கிறது. இந்தப் புத்தகங்களில் எந்தச் சொல் பிள்ளைக்கு இடறுகிறது என்று வகுப்பிலிருக்கும் ஆசிரியர்களிடம் கேட்டுத் தொகுத்து, அடுத்த பதிப்பில் திருத்துங்கள். பாலக்காட்டு ஆசிரியரும் இடுக்கி ஆசிரியரும் வருஷத்தில் ஒரு தடவையாவது சேர்ந்து உட்கார வழிசெய்யுங்கள். ஒருவர் பட்ட பாட்டை இன்னொருவர் தனியாகப் படத் தேவையில்லை.

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அவள் கேட்டதும் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து முன்னால் போய், "நீ சொன்னதுதான் சரி, தாள்ல தப்பு, எழுதுனது நான்தான்" என்று சொன்னேன். கரும்பலகையில் இரண்டு கட்டமும் போட்டேன். ஒன்றின் கீழ் சதுரம், இன்னொன்றின் கீழ் செவ்வகம் என்று எழுதிவிட்டு, செவ்வகத்தைக் காட்டி, அடுத்த வீட்டு மலையாளச் சேச்சி இதை என்ன சொல்வார் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். நாலைந்து பிள்ளைகள் ஒரே குரலில் "சதுரம்!" என்றார்கள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிறுமி தன் தாளில் 'சதுரத்தின்' என்ற சொல்லை அடித்து, மேலே 'செவ்வகத்தின்' என்று பென்சிலால் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் கணக்கைப் போட்டாள்.

அந்தத் திருத்திய தாளை அவளிடம் கேட்டு வாங்கி, என் சொல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். நோட்டு இங்கே மேசைமேல்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து புரட்டிப் பாருங்கள். பின்பக்கங்கள் நிறையக் காலியாக இருக்கின்றன. உங்கள் வகுப்பில் இடறிய சொல்லை நீங்களும் எழுதிவிட்டுப் போங்கள்.